தாஹித்தித் தாயாக வரையப்பட்ட மரியாள்

ஐரோப்பிய ஓவியர்கள் மிக அதிகமாக வரைந்த தாய், இயேசுவின் அன்னை மரியாள். அவர் யூதப் பெண். ஆனால், இத்தாலியின் ராபியேல் வரைந்த மரியாளைப் பாருங்கள், இத்தாலியப் பெண்ணாகவே இருப்பார். அந்தந்த நாட்டு ஓவியர்கள் தங்கள் ஊர்த் தாய்மாரின் முகத்தையே அவருக்குக் கொடுத்தனர்.

1891ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் இதற்கு மாறாக ஒன்று செய்தார். பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த தாஹித்தித் தீவுக்குப் போய், மரியாளை அத்தீவுப் பெண்ணாக வரைந்தார். ஓவியத்தின் பெயர் 'இயா ஓரானா மரியா'. தாஹித்தி மொழியில் 'மரியே வாழ்க' என்று பொருள். இன்று அது நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

மாநிறத் தாய் பூப்போட்ட சிவப்பு சாரோங் அணிந்து, குழந்தையைத் தோளில் சுமந்து நிற்கிறார். இருவர் தலையையும் ஒளிவட்டம் சுற்றியிருக்கிறது. முன்னே வாழைப்பழங்கள் படையலாக இருக்கின்றன. தெய்வத்தாய்க்கு வெள்ளை முகம்தான் என்ற எண்ணத்தை இந்த ஓவியம் அசைத்துப் பார்த்தது.

அதற்காக, இதைத் தாஹித்தி மக்களின் உண்மை வாழ்க்கை என்று எடுத்துக்கொள்ள முடியாது. படத்தில் கைகூப்பி நிற்கும் இரு பெண்களைக் கவனியுங்கள். அந்த நிலை தாஹித்தியில் கண்டதல்ல. நமக்கு அருகிலுள்ள ஜாவாத் தீவின் போரோபுதூர் புத்த ஆலயச் சிற்பத்தைப் புகைப்படத்தில் பார்த்து வரைந்தது. அப்பெண்கள் இடுப்பில் மட்டுமே துணி கட்டியிருக்கிறார்கள். உண்மையில், கிறிஸ்துவப் போதகர்கள் 1797ஆம் ஆண்டிலேயே அங்கு வந்துவிட்டனர். கோகன் போய்ச் சேர்ந்தபோது, உடலை மூடும் நீண்ட கவுன் பெண்களின் வழக்கமான உடையாகிவிட்டது. ஐரோப்பியர் கற்பனை செய்த பழைய சொர்க்கத்தைத்தான் அவர் தீட்டினார்.

அவருடைய குடும்பக் கதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. மனைவி மெட், ஐந்து பிள்ளைகளுடன் கோப்பன்ஹேகனில் இருந்தார். கணவரோ தாஹித்தியில் பதின்ம வயதுச் சிறுமி ஒருத்தியைத் துணையாக்கிக்கொண்டார். தாய்மையைப் போற்றும் ஓவியத்தை வரைந்தவரின் பிள்ளைகளை வளர்த்தது, தனித்து விடப்பட்ட அந்தத் தாய்தான்.

நம் நிறத்தில் ஒரு தாயைப் படத்தில் பார்க்கும்போது மகிழ்ச்சி வருவது இயல்பு. கூடவே, அதை வரைந்தது யார், யார் பார்க்க வரைந்தார், அந்தத் தாயிடம் யாராவது கேட்டார்களா என்றும் நாம் கேட்கலாம்.