பொன்னின் நிறமும் அளவும்

நிறத்தைப் பொருளின் நீங்காப் பண்பாகக் கொண்டு பெயரிடுதல் மொழிகளின் இயல்பு. பொன் என்னுஞ் சொல் தமிழில் உலோகப் பொதுப்பெயராகவும் நின்று, வெண்பொன், கரும்பொன், செம்பொன் என நிற அடை பெற்று வெள்ளியையும் இரும்பையும் தங்கத்தையும் உணர்த்தியமை யாவரும் அறிந்ததே. ஆயின் நிறம் பொருளுக்கு மட்டுமன்றி அளவிற்கும் கட்டுப்பட்டது என்கின்றது இயற்பியல். செம்பொன் என்னும் பெயரைக் காட்டி, நம் முன்னோர் இதனை அன்றே உணர்ந்தனர் எனச் சாதிக்க யாம் புகவில்லை. அது சொல்லாராய்ச்சி ஆகாது.

1857ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 5ஆம் நாள் இலண்டன் இராயல் சங்கத்தில் மைக்கேல் பாரடே நிகழ்த்திய பேருரை இப்பொருள் பற்றியது. தங்கக் குளோரைடுக் கரைசலைப் பாசுபரசு கொண்டு மாற்றி, மாணிக்கம்போற் சிவந்த நீர்மமொன்றை அவர் ஆக்கினார். அச்செம்மைக்குக் காரணம் புதியதொரு சேர்மம் அன்று, மிக நுண்ணிதாகப் பகுக்கப்பட்ட தங்கமே என்பது அவர் துணிபு. உப்புச் சிறிது இட்டவழி அந்நீர்மம் நீலமாயிற்று. அவர் ஆக்கியவற்றுட் சில இலண்டன் இராயல் நிறுவனத்தில் இன்றும் செந்நிறத்தோடு உள்ளன.

உலோகத்துள் எலெக்ட்ரான்கள் பல, தனியோர் அணுவிற்கு உரிமைப்படாது உலவுகின்றன. ஒளியோ, மின்புலம் மாறிமாறி ஊசலாடும் அலை. 20 நானோமீட்டர் அளவினதாகிய துகளின்மேல் ஒளி படுங்கால், அவ்வெலெக்ட்ரான் கூட்டம் முழுவதும் ஒருசேர ஒருபுறம் சாய்கின்றது. எஞ்சி நிற்கும் நேர்மின்னேற்றம் அதனை மீள இழுக்கின்றது. (ஒரு நானோமீட்டராவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.) இவ்வூசலின் இயல்பான அதிர்வெண்ணும் ஒளியின் அதிர்வெண்ணும் ஒத்தவிடத்து அவ்வொளி பெரிதும் உட்கவரப்படும். நீரிற் பரவிய தங்கத் துகளுக்கு அவ்விடம் ஏறத்தாழ 520 நானோமீட்டர் அலைநீளம், அஃதாவது பச்சை. பச்சை கவரப்படவே, கடந்து வருவது சிவப்பு. தனித்துகளின் இந்நிறத்தை 1908இல் கணக்கால் விளக்கியவர் செருமானிய அறிஞர் குஸ்தாவ் மீ. உப்பினால் துகள்கள் நெருங்கிக் கூடுமாயின் ஊசல் மெதுவாகி, உட்கவர்வு நீண்ட அலைகளின் பக்கம் நகரும். பாரடே கண்ட நீலம் இதுவே.

இவ்விளக்கம் எத்துணைச் சிறுமைவரை செல்லும்? 20 நானோமீட்டர்த் துகளில் ஏறத்தாழ 2,50,000 அணுக்கள் உள. ஏறத்தாழ 2 நானோமீட்டருக்குக் கீழ்ச் செல்லின், கூட்டாய் அசையும் ஊசலே மறைகின்றது. எலெக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள் தொடர்ச்சி இழந்து படிகள்போல் இடைவிட்டு நிற்கும். படியிலிருந்து படிக்குத் தாவ வேண்டும் ஆற்றலையுடைய ஒளியே கவரப்படும். 25 தங்க அணுக்களை 18 கந்தகச் சேர்மக் கிளைகள் சூழ்ந்து காக்கும் ஒன்றன் அமைப்பு 2008இல் துலங்கியது. துகளுக்குரிய 520 முகடு அதற்கில்லை; 670 நானோமீட்டர் அளவில் ஒன்றும், அதனிற் குறுகிய அலைநீளங்களில் வேறு சிலவும் உள. அணுவெண்ணிக்கை வேறுபடின் இவையும் வேறுபடும்.

ஆகலின் இவையனைத்தையும் 'நுண்துகள்' என்னும் ஒரே சொல்லாற் குறித்தல் பொருந்தாது. எலெக்ட்ரான்கள் கூட்டாய் அசைதற்கு இடனாவதைத் 'துகள்' எனவும், அணுவெண்ணிக்கையால் வரையறுக்கப்படுவதைக் 'கொத்து' எனவும் பிரித்தாளல் வேண்டும் என்பது எம் கருத்து. கொத்தினைத் 'திரள்' எனலாகாதோ எனின், அச்சொல் துகள்கள் கூடி நீலமாகும் நிலைக்கே உரியது.