பழைய .32 கைத்துப்பாக்கியில் தோட்டா சிக்குதல்

தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியில் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறாமலோ, சுட்ட தோட்டாவின் வெற்று உறை வெளியே விழாமலோ நின்றுவிடுவதே தோட்டா சிக்குதல் ஆகும். இந்தியாவில் 9 மி.மீ. தோட்டா பொதுமக்களுக்குத் தடை என்பதால் உரிமதாரர்கள் பலரிடம் இருப்பது .32 கைத்துப்பாக்கியே.

ஜான் பிரௌனிங் 1899இல் வடிவமைத்த இந்தத் தோட்டாவின் அடிவிளிம்பு உடலைவிடச் சற்று அகலமானது. மேகசினில் மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் இறங்கிவிட்டால் இரண்டும் கோத்துக்கொள்ளும். பிறகு ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் தோட்டா நகராது. பழைய துப்பாக்கியில் முதலில் சந்தேகிக்க வேண்டியதும் மேகசினைத்தான்: ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், மேல் உதடுகள் வளைந்திருக்கும். வேறு மேகசின் போட்டதும் குறை மறைந்தால் காரணம் தெரிந்துவிடும்.

வெற்று உறை குழலிலேயே தங்கினால், அதை இழுக்கும் கொக்கி தேய்ந்திருக்கலாம் அல்லது அழுக்கு அடைந்திருக்கலாம். உறை பாதி வெளியே வந்து ஸ்லைடில் மாட்டி நின்றால், தோட்டாவின் மருந்து வலுவிழந்திருக்கலாம், ஸ்லைடும் இறுகியிருக்கலாம். காரங்காடு போன்ற உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் துருவும் காரணமாகும். தேர்தல் காலத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறும் துப்பாக்கியை எண்ணெயிட்ட பிறகே சோதிப்பது நல்லது.

எதைச் சோதிப்பதானாலும் முதலில் மேகசினைக் கழற்றி, குழல் காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வெடிச்சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் குண்டு குழலிலேயே தங்கியிருக்கக்கூடும். அப்படியே அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தொழிலாகப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் தேவை. ஆகவே உள்ளூர்ப் பட்டறையில் கொடுக்காமல், உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமே கொண்டுசெல்ல வேண்டும்.