வீட்டுக் குளிரும் மின்கட்டணமும்: ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் நமக்குத் தேவையா?

கோடை தொடங்கியதும் குடும்ப வரவு செலவுக் கணக்கில் முதலில் ஏறுவது மின்கட்டணம். அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது குளிரூட்டி, அதாவது நாம் அன்றாடம் ஏசி என்று அழைக்கும் சாதனம். இந்தச் செலவைக் குறைக்க வல்லது என்னும் விளம்பரத்தோடு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுகளும் அவற்றின் வகையறாக்களும் இன்று சந்தையில் கிடைக்கின்றன. கைப்பேசியிலிருந்தே ஏசியை இயக்கலாம், நேர அட்டவணை வகுக்கலாம், ஆளில்லாத அறையில் தானாக நிறுத்தச் செய்யலாம் என்று அவை உறுதி கூறுகின்றன. அந்த உறுதிமொழிகளில் எவ்வளவு நம் வீட்டுக்குப் பொருந்தும், எங்கே எச்சரிக்கை தேவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தெர்மோஸ்டாட் என்பது என்ன?

தெர்மோஸ்டாட் நமக்குப் புதியதன்று. இஸ்திரிப் பெட்டி, கெய்சர், குளிர்சாதனப் பெட்டி ஆகிய அனைத்திலும் அது இருக்கிறது. வெப்பநிலையை உணர்ந்து, நாம் குறித்த அளவை எட்டியதும் சாதனத்தை நிறுத்தி, அளவு மாறியதும் மீண்டும் இயக்குவதே அதன் பணி. ஸ்பிளிட் ஏசியில் இந்த உணர்கருவி, அறைக்குள் இருக்கும் பகுதியில், காற்று உள்ளிழுக்கப்படும் இடத்தில் பொருத்தப்பட்டிருக்கும். இன்வெர்ட்டர் வகை ஏசியில் கம்ப்ரசர் முழுமையாக நிற்பதற்குப் பதிலாகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே களைவது நலம். 18 டிகிரியில் வைத்தால் அறை விரைவாகக் குளிரும் எனப் பலரும் கருதுகிறோம். வேகம் மாறாத சாதாரண ஏசி, 18 என்று வைத்தாலும் 24 என்று வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். வேறுபாடு ஒன்றே: 24 என்றால் அந்த அளவில் ஓய்வெடுக்கும், 18 என்றால் ஓய்வின்றி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தின் விலை நம் கட்டண ரசீதில் வந்து சேரும்.

வெளிநாட்டுக் கருவி, நம் நாட்டு வீடு

ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்ட கருவிகள், பெரும்பாலும் அமெரிக்க வீடுகளுக்காக உருவானவை. அங்கே வீடு முழுவதற்கும் ஒரே வெப்பமூட்டியும் குளிரூட்டியும் இருக்கும். குழாய்கள் வழியே எல்லா அறைகளுக்கும் காற்று செல்லும். கூடத்துச் சுவரில் உள்ள ஒரு தெர்மோஸ்டாட் அனைத்தையும் ஆளும். அந்தத் தெர்மோஸ்டாட் பொதுவாக 24 வோல்ட் என்னும் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குவது.

நம் நாட்டில் நிலைமை வேறு. அறைக்கு ஓர் ஏசி, ஏசிக்கு ஒரு ரிமோட் என்பதே நம் வழக்கம். சுவர்த் தெர்மோஸ்டாட்டை இணைப்பதற்கான கம்பிகள் ஸ்பிளிட் ஏசியில் இருப்பதில்லை. எனவே, வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு வாங்கி வரும் அத்தகைய கருவி, இங்கே பயன்படாமல் பெட்டியிலேயே கிடக்க நேரும். அதை நம் வீட்டு 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகப் பொருத்த முயல்வது ஆபத்தானது. கருவி எரிந்து தீவிபத்துக்கும் வழிவகுக்கலாம். மையக் குளிரூட்டல் வசதியுள்ள பெரிய அடுக்ககங்களில் வசிப்போர், தங்கள் அமைப்பைத் தயாரித்த நிறுவனத்தைக் கலந்தாலோசித்த பின்னரே சுவர்க் கருவியை மாற்ற வேண்டும்.

நம் வீடுகளுக்கு ஏற்ற வழிகள் இரண்டு. முதலாவது, வைஃபை வசதியுடனேயே வரும் ஏசி. சில மாதிரிகளில் இந்த வசதியைப் பின்னர் தனித் துணைக்கருவியாகச் சேர்த்துக்கொள்ளவும் இடம் உண்டு. இரண்டாவது, ரிமோட்டைப் போலவே அகச்சிவப்புக் கதிர்களை அனுப்பும் ஒரு சிறு பெட்டி. கைப்பேசியில் நாம் தரும் கட்டளையை இணையம் வழியே பெற்று, அதை ஏசிக்குப் புரியும் கதிர்மொழியில் அது அனுப்பும். பழைய ஏசிக்கும் இது பொருந்தும். கம்பி எதையும் தொட வேண்டியதில்லை.

ஸ்மார்ட் பிளக் என்னும் கருவியைக் கொண்டு ஏசியை நிறுத்துவதும் இயக்குவதும் உகந்ததன்று. கம்ப்ரசர் ஓடும்போது மின்சாரத்தைத் திடீரெனத் துண்டிப்பது, மின்வெட்டை நாமே உண்டாக்குவதற்கு ஒப்பாகும்.

நிறுவும் முறை

வாங்கும் முன் ஏசியின் ரிமோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெப்பநிலையைக் காட்டும் திரை அதில் இருந்தால், அகச்சிவப்புப் பெட்டி பெரும்பாலும் ஒத்துழைக்கும். கருவியின் விவரக் குறிப்பில் நம் ஏசியின் நிறுவனப் பெயர் உள்ளதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது இணைய இணைப்பு. இத்தகைய கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்குபவை. நம் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் தருமானால், அமைக்கும் நேரத்தில் கைப்பேசியை 2.4 அலைவரிசையில் இணைத்துக்கொள்ள வேண்டும். 'கருவி கிடைக்கவில்லை' என்று செயலி மீண்டும் மீண்டும் கூறுவதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியமானது. அகச்சிவப்புக் கதிர் சுவரையோ அலமாரிக் கதவையோ ஊடுருவாது. எனவே ஏசிக்கும் பெட்டிக்கும் இடையே தடை இருத்தல் கூடாது. பெட்டியிலேயே வெப்ப உணர்கருவி இருந்தால், வெயில் படும் சன்னல், தொலைக்காட்சியின் பின்புறம், ஏசியின் காற்று நேராக வீசும் இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஏசி தன் உயரத்தில் உணரும் வெப்பநிலையும் கட்டிலில் படுத்திருக்கும் நாம் உணர்வதும் ஒன்றல்ல. படுக்கையின் உயரத்தில் பெட்டியை வைத்தால், நாம் உணரும் நிலையையே அதுவும் அளக்கும்.

பொருத்தியதும் இயக்கம், நிறுத்தம், வெப்பநிலை மாற்றம், மின்விசிறி வேகம் என ஒவ்வொன்றையும் சோதித்துப் பாருங்கள். ஒரு குறையை நினைவில் கொள்ள வேண்டும்: இந்தப் பெட்டி பேசும், ஆனால் பதில் கேட்காது. கட்டளை ஏசியைச் சென்றடைந்ததா என்பது அதற்கு உறுதியாகத் தெரியாது. 'நிறுத்தப்பட்டது' என்று செயலி காட்டும்போதும் ஏசி ஓடிக்கொண்டிருக்கலாம். ஊருக்குப் புறப்படும் நாளில் சுவிட்சை நம் கையால் அணைப்பதே சரி.

சேமிப்பு எங்கிருந்து வருகிறது?

எரிசக்தி திறன் செயலகம் வகுத்த விதியின்படி, ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏசிகள் அனைத்தும் 2020 ஜனவரி 1 முதல் 24 டிகிரி செல்சியஸை இயல்பு அளவாகக் கொண்டே விற்கப்படுகின்றன. நாம் விரும்பினால் அதை மாற்றலாம். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் மின்செலவு ஏறத்தாழ 6 சதவீதம் குறையும் என்பதும் அச்செயலகத்தின் மதிப்பீடு.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டில் ஏசி 21 டிகிரியில் இரவு 8 மணி நேரம் ஓடுகிறது; மணிக்குச் சராசரியாக 1 யூனிட் செலவாகிறது என்று கொள்வோம். மாதத்துக்கு 240 யூனிட். அதே ஏசியை 24 டிகிரியில் வைத்தால், மூன்று டிகிரிக்கும் சேர்த்து மாதம் சுமார் 40 யூனிட் மிச்சமாகும். விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம் முன்பே நிறுத்திவிட்டு மின்விசிறியை மட்டும் ஓடவிட்டால், மேலும் 30 யூனிட் மிச்சமாகும் எனலாம். ஆக 70 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் மாதம் 560 ரூபாய். ஐந்து மாதக் கோடைக்கு 2,800 ரூபாய்.

பல மாநிலங்களில் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் படிப்படியாக உயர்கிறது. நாம் மிச்சப்படுத்துபவை எப்போதும் மேல்படியில் உள்ள, விலை கூடிய யூனிட்டுகளே. ஆகவே கணக்கிடும்போது சராசரி விலையை விட்டு, நம் ரசீதில் கடைசிப் படிக்கு உள்ள விலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கில் கருவிக்கு இடமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வெப்பநிலையை உயர்த்தியதாலும் ஓடும் நேரத்தைக் குறைத்ததாலும் வந்ததே முழுச் சேமிப்பும். சாதாரண ரிமோட்டில் உள்ள டைமரும் உறக்க நிலைப் பொத்தானும் இதையே இலவசமாகச் செய்ய வல்லவை. நள்ளிரவில் எழுந்து மாற்ற நம்மால் இயலாது என்பதாலும், டைமரை நாள்தோறும் அமைக்க மறந்துவிடுகிறோம் என்பதாலும்தான் ஸ்மார்ட் கருவிக்கு மதிப்பு ஏற்படுகிறது. நாம் எடுத்த முடிவை அது மறவாமல் நிறைவேற்றும். முடிவை எடுக்க வேண்டியவர்கள் நாமே. ஏற்கெனவே 25 டிகிரியில் வைத்து, நேரத்துக்கு நிறுத்தும் பழக்கமுள்ள குடும்பத்துக்கு இக்கருவியால் பெரிய சேமிப்பு கிட்டாது.

அன்றாட வாழ்வில்

படுக்கும் நேரத்தில் 24, நள்ளிரவுக்குப் பின் 26, விடியலுக்கு முன் நிறுத்தம் என்னும் அட்டவணை பெரும்பாலான வீடுகளுக்கு நல்ல தொடக்கம். மின்விசிறியும் மெதுவாகச் சுழன்றால் 26 டிகிரியும் இதமாகவே இருக்கும். சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிகுந்த நகரங்களில் வெப்பத்தைவிடப் புழுக்கமே மிகுதியாக வாட்டும். அங்கே வெப்பநிலையைக் குறைப்பதற்குமுன் ஏசியின் ஈரம் நீக்கும் நிலையை முயன்று பார்க்கலாம்.

கைப்பேசி வீட்டைவிட்டு வெளியேறியதும் ஏசியை நிறுத்தும் வசதியைக் கவனமாகக் கையாள வேண்டும். மகன் அலுவலகம் சென்றதும் ஏசி நின்றுவிட்டால், உள்ளே படுத்திருக்கும் பாட்டி வெக்கையில் வாடுவார். முதியோர், கைக்குழந்தைகள், நோயுற்றோர் உள்ள வீடுகளில் இந்த வசதியை முடக்கி வைப்பதே நல்லது. செயலி வந்துவிட்டது என்பதற்காக ரிமோட்டை எங்கோ வைத்துவிடவும் கூடாது. அது வழக்கமான இடத்தில், எல்லோர் கைக்கும் எட்டும்படி இருக்கட்டும்.

மின்தடைக்குப் பின் சில ஏசிகள் தாமாகவே மீண்டும் இயங்கத் தொடங்கும். ஆளில்லாத வீட்டில் இது வீண் செலவு. நம் ஏசியில் இந்த இயல்பு உண்டா என்பதை அறிந்து வைத்திருக்க வேண்டும். இரு வாரங்களுக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவுவதையும், கதவிடுக்குகளை அடைப்பதையும், பகல் வெயிலைத் திரையிட்டுத் தடுப்பதையும் எந்தச் செயலியும் நமக்காகச் செய்யாது.

வீட்டு வைஃபையும் வங்கிக் கணக்கும்

நாம் வங்கிப் பரிவர்த்தனை செய்யும் அதே வைஃபையில் இக்கருவியும் இணைகிறது. மேலும், வீட்டில் எப்போது ஆள் இருக்கிறார்கள், எப்போது இல்லை என்ற விவரம் அதன் பதிவுகளில் சேர்கிறது. ஆகவே கீழ்க்காணும் பழக்கங்கள் இன்றியமையாதவை.

• ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். விருந்தினர் வைஃபை வசதி இருந்தால், ஸ்மார்ட் கருவிகளை அதில் இணையுங்கள்.

• செயலிக்கெனத் தனிக் கடவுச்சொல் வையுங்கள். வங்கிச் சேவைக்குரிய கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள்.

• செயலியை அதிகாரப்பூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டுமே பதிவிறக்குங்கள். தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள் ஆகியவற்றுக்கான அனுமதியை ஏசிச் செயலிக்குத் தர வேண்டிய தேவையில்லை.

• உதவி எண்ணை இணையத்தில் தேடி அழைக்காதீர்கள். கருவியின் பெட்டியிலோ உத்தரவாத அட்டையிலோ உள்ள எண்ணையே அழையுங்கள். கைப்பேசித் திரையைப் பகிரச் சொல்பவரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பவரும் மோசடிக்காரர்களே.

• சில செயலிகள் கூடுதல் வசதிகளுக்கு மாதச் சந்தா கேட்கும். அட்டையிலிருந்து தானாகப் பணம் பிடிக்க ஒப்புதல் தந்திருந்தால், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்னதாக வரும் அறிவிப்பைப் படியுங்கள், தேவையற்றதை நீக்குங்கள்.

• வீடு மாறும்போதோ கருவியை விற்கும்போதோ அதிலுள்ள விவரங்களை முற்றிலும் அழித்து, கணக்கிலிருந்தும் நீக்குங்கள்.

பணமிழப்பு ஏதேனும் நேர்ந்தால் சிறிதும் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணையும், உங்கள் வங்கிக் கிளையையும் தொடர்புகொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன்

கருவி வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் ஒரு மாதம் சாதாரண ரிமோட்டைக் கொண்டே 24 டிகிரியையும் டைமரையும் கடைப்பிடித்துப் பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் மின்மீட்டர் அளவைக் குறித்து வையுங்கள். மிச்சமானது எவ்வளவு என்பது தெரிந்துவிடும்; நாள்தோறும் டைமரை அமைப்பது நமக்கு இயலுமா என்பதும் தெரிந்துவிடும். இயலுமெனில் கருவியின் விலையும் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். இயலாதெனில், அந்த விலை எத்தனை மாதங்களில் மீளும் என்பதை நம் ரசீதைக் கொண்டே கணக்கிட்டு, பின்னர் கடைக்குச் செல்வோம்.