கிறிஸ்துமஸ் லீவில் எதிரே வந்த பழைய காதல்... பேசலாமா, கடந்து போகலாமா?

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு ஆம்பூர் ரயில் நிலையத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சென்னைப் பக்கமிருந்தும் பெங்களூரு பக்கமிருந்தும் வரும் ரயில்களில் பையும் பிள்ளையுமாக இறங்குகிறவர்களின் முகத்தில் பயணக் களைப்பையும் மீறி ஒரு வெளிச்சம் இருக்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது, ஊருக்கு வந்துவிட்டோம் என்கிற வெளிச்சம். வீட்டு வாசல்களில் நட்சத்திரம் தொங்கும். பேக்கரிகளில் பிளம் கேக் அடுக்கியிருப்பார்கள். வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோலையும் ஷூவையும் நம்பி வாழும் இந்தப் பாலாற்றுப் பகுதியில், வேலைக்காகவும் கல்யாணமாகியும் வெளியூர் போனவர்கள் திரும்பி வரும் நாள்கள் இவை.

அந்தச் சந்திப்பும் இந்த நாள்களில்தான் நடக்கும். தேவாலய வாசலில், பிரியாணிக் கடை வரிசையில், பள்ளியின் முன்னாள் மாணவர் கூட்டத்தில் திடீரென்று ஒரு முகம். ஒரு காலத்தில் 'வா, போ' என்று பேசிய வாய் இப்போது 'நீ'க்கும் 'நீங்க'வுக்கும் நடுவில் தடுமாறும். "எப்ப வந்த... வந்தீங்க?"

பேச்சு அதோடு முடிந்தாலும் மனசு அடங்குவதில்லை. அன்றிரவு போனில் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சினிமாவுக்கும் தெரியும்

2004-ல் சேரனின் 'ஆட்டோகிராஃப்' வந்தது. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவன் தன் பழைய காதல்களையும் கடந்து வருவான். 2018-ல் பிரேம்குமார் இயக்கிய '96', பள்ளித் தோழர்கள் கூடும் ஒரே இரவின் கதை. இரண்டையும் குடும்பத்தோடு பார்த்துக் கண் கலங்கினோம். இரண்டிலுமே பழைய ஜோடி கடைசியில் சேரவில்லை. அதனால்தான் குடும்பத்தோடு பார்க்க முடிந்ததோ என்னவோ!

நிஜத்தில்?

72 வருடங்களுக்குப் பிறகு...

96 வெளிவந்த அதே 2018-ல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு சந்திப்பு நடந்தது. அவருக்கு 90 வயதை ஒட்டி. அந்த அம்மாவுக்கு 80-களின் நடுவில். 1946-ல் இருவரும் கணவன் மனைவி. கல்யாணம் நடந்தபோது அந்தப் பெண் 13 வயதுச் சிறுமி. அந்தக் காலத்து வழக்கம் அது. சேர்ந்து வாழ்ந்தது பத்தே மாதம்.

அந்த டிசம்பரில் காவும்பாயி விவசாயிகள் போராட்டம் வெடித்தது. கணவரும் அவருடைய தந்தையும் அதில் இறங்கினார்கள். தலைமறைவு, கைது, சிறை. அந்தச் சிறைகளில் ஒன்று நம் சேலம் மத்தியச் சிறை. 1950 பிப்ரவரி 11 அன்று அங்கே கைதிகள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 பேர் இறந்தார்கள். அவருடைய தந்தையும் அதில் ஒருவர். குண்டடிபட்ட மகன் உயிர் பிழைத்தார்.

இதற்கிடையில் அவர் இறந்துவிட்டதாக ஊரில் பேச்சு. பெண் வீட்டார் அவருக்கு வேறு கல்யாணம் செய்து வைத்தார்கள். விடுதலையாகி வந்தவரும் வேறு திருமணம் செய்துகொண்டார். இரண்டு பக்கமும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அந்த அம்மாவின் மகன் தற்செயலாக அவருடைய உறவினர்களைச் சந்தித்துப் பேச, பழைய கதை தெரிய வந்தது. இருவரின் துணைகளும் அதற்குள் காலமாகியிருந்தார்கள். மகனே தன் வீட்டில் விருந்து வைத்து அவரை வரவழைத்தார்.

அந்த அம்மா தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். யார் மேலும் கோபமில்லை என்றார். பிறகு ஏன் பேசவில்லை என்று கேட்டார் அவர். அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டார்கள், விடைபெற்றார்கள்.

திரும்பச் சேர்ந்து வாழவில்லை. ஆனால் 72 வருட பாரம் இறங்கியது. அதை இறக்கி வைத்தவர்கள் பிள்ளைகள். ஒளித்து நடந்த சந்திப்பு இல்லை அது. கூடத்தில், எல்லோர் முன்னாலும் நடந்தது.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் நான்சி காலிஷ், பிரிந்து மீண்டும் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 1990-களில் விவரம் திரட்டினார். 10-ல் 7 பேருக்கு மேல் சேர்ந்தே இருந்தார்கள். முதலில் ஏன் பிரிந்தீர்கள் என்றதற்கு அதிகம் பேர் சொன்ன காரணம், பெற்றோர் எதிர்ப்பு. நமக்குப் புதிதா என்ன?

இதைப் படித்ததும் போனை எடுத்துவிடாதீர்கள். தங்கள் கதையைச் சொல்ல அவர்களே முன்வந்தவர்கள். அவர்களில் பலர் அப்போது துணையில்லாமல் இருந்தவர்கள். இணையம் வந்தபின் கதை மாறியது. குடும்பமாக வாழ்கிறவர்கள் 'சும்மா ஒரு ஹலோ' என்று தொடங்கி, இரண்டு வீடுகளையும் உடைத்துக்கொண்டதைப் பார்த்த காலிஷ், திருமணமானவர்கள் பழைய காதலைத் தேடவே வேண்டாம் என்று எச்சரித்தார். முதல் காதல் பாதியில் நின்றுபோனது. அதனால் அதில் கரண்ட் பில்லும் இல்லை, மாமியார் சண்டையும் இல்லை. அதை இருபது வருடக் குடித்தனத்தோடு ஒப்பிட்டால் குடித்தனம்தான் தோற்கும். அது நியாயமான போட்டி இல்லை.

அம்மாவுக்கும் ஒரு மனசு

இந்தப் பகுதியின் ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடிகாலையில் கிராமத்து ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்களில், கணவனை இழந்தவர்கள் உண்டு, விட்டுப் போனவனால் தனியானவர்கள் உண்டு. அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்து வெளியூர் அனுப்பியிருப்பார்கள். லீவுக்கு வந்த பிள்ளையிடம், "அந்தக் காலத்துல என்னைக் கேட்டாங்களே, அவரும் இப்ப தனியாதான் இருக்காராம்" என்று அப்படிப்பட்ட ஓர் அம்மா மெல்லச் சொன்னால், நாம் என்ன செய்வோம்?

அப்பாவுக்கு 'சமைச்சுப் போட ஆள் வேணும்' என்று மறுமணத்துக்குத் தலையாட்டுகிற உறவுக்கூட்டம், அம்மா என்றதும் 'இந்த வயசுலயா' என்கிறது. 'ஊர் என்ன சொல்லும்' என்ற பயத்தில் அந்தப் பேச்சை அம்மாவே அன்றோடு விட்டுவிடுவார். பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த வீட்டில் மிஞ்சுவது டி.வி. சத்தம்தான்.

தோல் தைப்பவர்களுக்கு ஒன்று தெரியும். துணியில் ஊசி போன தடம் பெரும்பாலும் மறைந்துவிடும், தோலில் மறையாது. பிரித்துத் தைத்தாலும் பழைய துளைகள் அப்படியே இருக்கும். நடுவயதில் சேர்கிறவர்களும் அப்படித்தான். இறந்துபோன துணையின் நினைவு, பிள்ளைகள், கடன், நோய் எல்லாம் கூடவே வரும். அதை ஏற்றுக்கொண்டு தைத்தால்தான் தையல் நிற்கும்.

சேருவது என்று முடிவெடுத்தால்...

இருவரும் சட்டப்படி தனியாக இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். விவாகரத்து வழக்கு முடியாமல் அடுத்த திருமணம் கூடாது.

மதமோ சாதியோ வேறென்றால், 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. மதம் மாறத் தேவையில்லை. 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும். அந்த அறிவிப்பு பதிவு அலுவலகத்தில் ஒட்டப்படும் என்பதால், வீட்டில் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு மறுமணத்தால் அது நின்றுபோகலாம். முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சொத்து யாருக்கு என்பதைப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து பேசி, எழுதி வைத்துவிடுங்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே கரைந்துவிடும்.

குடும்பமாக இருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு சோதனை. அந்த மெசேஜை உங்கள் மனைவியோ கணவரோ பக்கத்தில் இருக்கும்போது அனுப்ப முடியுமா? முடியும் என்றால் அது நட்பு. முடியாது என்றால் போனைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் இருப்பவரிடம் "டீ குடிக்கலாமா?" என்று கேளுங்கள்.

புத்தாண்டு ஆராதனை முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ரயில் நிலையம் மறுபடி நிறையும். டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுக்கும் அம்மாவிடம் கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "நாங்க போனப்புறம் நீ யார்கூடம்மா பேசுவ?"

பதில் வர நேரமாகலாம். அடுத்த ரயிலில் போனாலும் பரவாயில்லை.