சொந்தமாக ஒரு வலைப்பூ – 6: சாவி யாரிடம்?

போன வாரம் வேர்ட்பிரஸ்ஸை நிறுவி முடித்தோம். கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் துணைநிரல்களுக்கான ‘பிளகின்கள்’ பக்கத்தைத் திறந்தவர்கள் அங்கே ஏற்கெனவே இரண்டு பெயர்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று அகிஸ்மெட், மற்றது ஹலோ டாலி. இரண்டாவதை இயக்கினால் டாஷ்போர்டின் மேல் மூலையில் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய பாட்டின் ஒரு வரி தெரியும். பக்கத்தை மறுபடி திறந்தால் வேறொரு வரி. வேலை அவ்வளவுதான். வேர்ட்பிரஸ்ஸைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மேட் முல்லன்வெக் எழுதியது. பிளகின் வசதியே 2004இல், 1.2 பதிப்பில்தான் வந்தது. அந்தக் காலத்து நினைவுச்சின்னம் இது, தயங்காமல் நீக்கிவிடலாம்.

வேர்ட்பிரஸ்ஸின் இலவசப் பட்டியலில் இன்று 50,000க்கும் மேற்பட்ட பிளகின்கள் இருக்கின்றன. ‘கட்டாயம் தேவைப்படும் 25 பிளகின்கள்’ என்று யூடியூபில் தேடினால் பொழுது போய்விடும். அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை ஒரு பிளகின் என்ன செய்யும் என்பதோடு நின்றுவிடுகின்றன. அதனால் என்னென்ன செய்ய முடியும் என்று யாரும் சொல்வதில்லை.

கைபேசியில் ஒரு செயலியைப் போட்டால் கேமராவைத் தொடலாமா, தொடர்புகளைப் படிக்கலாமா என்று கேட்கும். வேர்ட்பிரஸ்ஸில் அந்தக் கேள்வியே கிடையாது. இயக்கிய நொடியிலிருந்து பிளகினுக்கு வேர்ட்பிரஸ்ஸுக்கு உள்ள அதிகாரம் அத்தனையும் உண்டு. தரவுத்தளத்தைப் படிக்கலாம், கோப்புகளை மாற்றலாம், புதிதாக ஒரு நிர்வாகிக் கணக்கைக்கூட உருவாக்கலாம். தோட்டத்துக்குத் தண்ணீர் விட வருகிறவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது மாதிரி.

2017இல் நடந்ததைப் பாருங்கள். டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்றொரு பிளகின். பக்கப்பட்டையில் உள்ள பெட்டிகளில் எது எந்தப் பக்கத்தில் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க உதவும், சாதுவான சமாச்சாரம். சுமார் 2,00,000 தளங்களில் இருந்தது. அதை எழுதியவர்கள் வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். விலை 15,000 டாலர். அந்த ஆண்டு ஜூனில் புதிய உரிமையாளரிடமிருந்து முதல் அப்டேட் வந்தது. அதன் பிறகு அந்தத் தளங்களில் உரிமையாளர்கள் எழுதாத விளம்பரப் பக்கங்கள் முளைக்கத் தொடங்கின. கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், நிர்வாகியாக உள்நுழைந்திருப்பவர் கண்ணுக்கு அவை தெரியாது. வாசகருக்கும் கூகுளுக்கும் மட்டும் தெரியும். புகார்கள் வர வர, பட்டியலிலிருந்து நீக்கப்படுவதும் திரும்ப வருவதுமாக இருந்து, செப்டம்பரில் ஒரேயடியாக வெளியேற்றப்பட்டது. பட்டியலிலிருந்து நீக்கப்படும் பிளகின் ஏற்கெனவே நிறுவியவர்களின் தளத்திலிருந்து தானாகப் போய்விடாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

ஆகவே மதிப்பீட்டு நட்சத்திரங்களை விட்டுவிட்டு, பிளகின் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்? எந்தப் பதிப்பு வரை சோதித்திருக்கிறார்கள்? கீழே உதவி கேட்டவர்களுக்குப் பதில் வந்திருக்கிறதா, இல்லை அத்தனை கேள்வியும் அநாதையாகக் கிடக்கிறதா? நான் முதலில் பார்ப்பது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். பிழையே இல்லாத பிளகினைத் தேடிப் பயனில்லை. லட்சக்கணக்கானோர் நம்பும் பேக்கப் பிளகினான அப்டிராஃப்ட்பிளஸ்ஸிலேயே 2022 பிப்ரவரியில் பெரிய ஓட்டை கண்டுபிடித்தார்கள். சாதாரண உறுப்பினர்கூட மொத்த பேக்கப்பையும் இறக்கிக்கொள்ள முடிந்தது. உடனே திருத்தம் வந்தது, தளங்களுக்குத் தானாகவே அனுப்பவும்பட்டது. இன்றும் அதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

புதிய வலைப்பூவுக்கு நான் கட்டாயம் என்று சொல்வது அந்த பேக்கப் ஒன்றைத்தான். கூகுள் டிரைவோடு இணைத்து, வாரம் ஒருமுறை தானாக எடுக்கும்படி வைத்துவிடுங்கள். பேக்கப்பும் ஹோஸ்டிங் சர்வரிலேயே கிடந்தால் சர்வர் போகும் அன்று அதுவும் போய்விடும். அடுத்தது அகிஸ்மெட். வாசகர்கள் வருவதற்கு முன்பே குப்பைப் பின்னூட்டங்கள் வந்து சேர்ந்துவிடும், அவற்றை வடிகட்டுவது இதன் வேலை. வணிக நோக்கமில்லாத தனிப்பட்ட தளத்துக்கு அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

கேஷ் பிளகின் அவசரமில்லை. ஒவ்வொருவர் வரும்போதும் பக்கத்தைப் புதிதாகக் கட்டாமல், கட்டிய பக்கத்தை எடுத்துவைத்துப் பரிமாறுவது அதன் வேலை. நாளுக்கு இருபது பேர் வரும் தளத்துக்கு அது எதற்கு? போடுவதானால் ஒன்றே ஒன்று. இரண்டைப் போட்டால் ஒன்றின் காலை மற்றது வாரும். சைட்மேப்புக்கும், படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்குவதற்கும் தனிப் பிளகின் போடச் சொல்லும் பழைய கட்டுரைகளை ஒதுக்கிவிடுங்கள். 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து இரண்டும் வேர்ட்பிரஸ்ஸிலேயே இருக்கின்றன.

யோஸ்ட் போன்ற எஸ்.இ.ஓ. பிளகின்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தேடுமுடிவில் தெரியும் தலைப்பையும் விவரத்தையும் எழுதிக்கொள்ள அவை பயன்படும். ஆனால் பச்சை, சிவப்பு விளக்குகளைப் பார்த்து மிரள வேண்டாம். ‘மதுரை’ என்று குறிச்சொல் கொடுத்துவிட்டு ‘மதுரைக்கு’, ‘மதுரையில்’ என்று நீங்கள் எழுதியதையெல்லாம் அதே சொல் என்று கண்டுகொள்ளும் அளவுக்கு அவற்றுக்குத் தமிழ் இலக்கணம் தெரியாது. விளக்கைப் பச்சையாக்க வேண்டும் என்றே வாக்கியத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட முக்கியமானதற்குப் பிளகினே தேவையில்லை. தமிழில் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரியும் தமிழில் அமையும். இணைய முகவரிக்காக மாற்றும்போது ஒவ்வொரு எழுத்துக்குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது இடத்தை எடுத்துக்கொள்கிறது. ‘கா’வுக்கு க ஒன்று, கால் ஒன்று என்று பதினெட்டு. வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்கியிருப்பதோ 200 இடம். இருபத்திரண்டு குறிகளோடு கதை முடிந்தது. நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகள் ஊர்வலம் போகும். வெளியிடுவதற்கு முன்பே முகவரிப் பெட்டியில் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களைக் கையால் தட்டிவிடுங்கள்.

சோதித்துப் பார்த்துப் பிடிக்காத பிளகின்களை நிறுத்தி மட்டும் வைக்காதீர்கள், அழித்துவிடுங்கள். 2020 செப்டம்பரில் 7,00,000க்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த ஃபைல் மேனேஜர் பிளகினில் அகப்பட்ட ஓட்டைக்குக் காரணம், மாதிரிக்காக வைத்திருந்த ஒரு கோப்பின் பெயரை இயங்கும் கோப்பாக மாற்றிவிட்டிருந்ததுதான். கடவுச்சொல் இல்லாமலே யாரும் அதை வெளியிலிருந்து நேரடியாக அழைத்து, தாங்கள் விரும்பிய நிரலைத் தளத்தில் ஏற்ற முடிந்தது. பிளகின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கோப்பு சர்வரில் கிடந்தாலே போதும்.