உங்களுக்குத் தெரியுமா? மீன் குழம்புக்கு எந்த ஒயின்?

● காசிமேட்டு மீன் குழம்பில் கரைக்கும் புளிக்கும் ஒயினுக்கும் பொதுவான ஒன்று உண்டு: டார்டாரிக் அமிலம். இரண்டின் புளிப்புக்கும் முக்கியக் காரணம் அதுதான். மீன் பழசாகும்போது எழும் கவிச்சை வாடையை அமிலம் அடக்கிவிடும். அந்த வேலையைக் குழம்பில் புளியே முடித்துவிடுகிறது. ஆகவே இதற்கு ஒயின் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, புளிப்பை. குழம்பைவிடப் புளிப்புக் குறைந்த ஒயின் வாயில் சப்பென்று போய்விடும். மாங்காய் போட்டு, ஒரு ராத்திரி ஊறிய குழம்பென்றால் இன்னும் கவனம் தேவை.

● சிவப்பு ஒயின் மீனுக்கு ஆகாது என்பார்கள். ஏன் என்று 2009-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். குற்றவாளி, ஒயினில் உள்ள இரும்பு! அது கூடக்கூட, கடல் உணவோடு குடிக்கும்போது கவிச்சை ஏறுகிறது. காணாங்கத்தை, கவலை போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மீன்களுக்கு வெள்ளை ஒயினே நல்லது.

● மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தணிக்காது, தூண்டிவிடும். எறா தொக்குக்கு ஆல்கஹால் குறைந்த, லேசாக இனிக்கும், நன்றாகக் குளிர்ந்த வெள்ளை ஒயின்களான ரீஸ்லிங்கோ ஷெனின் பிளாங்கோ பொருந்தும். நாசிக்கின் சுலா நிறுவனம் 2000-இல் முதலில் இறக்கிய ஒயின்களில் ஷெனின் பிளாங்க்கும் ஒன்று. மொறுமொறு நெத்திலி வறுவலுக்கு? சோவினியோன் பிளாங்க்.

● கடலோரத் தமிழருக்கு இந்தச் சேர்க்கை புதிதே அல்ல. பௌர்ணமியன்று கடலுக்குப் போகாத பரதவர் பனங்கள் குடித்ததையும், சுட்ட இறாலை உண்டதையும் பட்டினப்பாலை சொல்கிறது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் அருந்தியதைப் புறநானூறு பாடுகிறது. அதற்குச் சாட்சி மண்ணுக்குள்ளும் இருந்தது: 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பகுதியின் மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன.

● மதுவைத் தொடாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் சாற்றிலும் அதே டார்டாரிக் அமிலம்தான். அதன் சர்க்கரை மிளகாய்க் காரத்தையும் ஆற்றும். கூடுதலாகச் சர்க்கரை போடாமல், சில்லென்று பரிமாறுங்கள்.