ஆணா, பெண்ணா? ஆமை முட்டைக்குள் முடிவு செய்வது மணலின் சூடு!

பெசன்ட் நகர் கடற்கரை, ஜனவரி மாத நள்ளிரவு. கரையேறி வரும் ஒரு பங்குனி ஆமை, பின்னங்கால்களால் மணலைத் தோண்டி, சுமார் நூறு முட்டைகளை இட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. செய்திகளில் ‘ஆலிவ் ரிட்லி’ என்று நாம் படிப்பது இதைத்தான்.

அந்த முட்டைகளில் எத்தனை ஆண், எத்தனை பெண்? அன்றைய இரவில் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஏன்னா, அது இன்னும் முடிவாகவே இல்லை.

மனிதர்களில் எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் கரு உருவாகும் நொடியிலேயே விஷயத்தை முடித்துவிடும். கடலாமைகளுக்கு அப்படித் தனியாகப் பாலினக் குரோமோசோம்கள் இல்லை. முட்டை மணலுக்குள் இருப்பது சுமார் 45 முதல் 60 நாள்கள். அதில் நடுவே வரும் மூன்றில் ஒரு பங்கு நாள்களில் மணல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதுதான் கணக்கு. 29 - 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் கிட்டத்தட்ட எல்லாமே ஆண்; இரண்டு மூன்று டிகிரி கூடினால் எல்லாமே பெண். ஏசி ரிமோட்டில் நாலைந்து தடவை பட்டனை அழுத்துகிற வித்தியாசம், அவ்வளவுதான்!

ஊர்வனவற்றில் இப்படி ஒன்று நடக்கிறது என்பதை 1966-ல் முதலில் கவனித்தவர் மேட்லின் சார்னியே. செனகல் நாட்டில் ஓணான் வகை ஒன்றின் முட்டைகளை ஆராய்ந்தபோது தெரியவந்த விஷயம் இது. முதலைகள், பல வகை ஆமைகள் எல்லாம் இதே கதைதான் என்பது பிறகு உறுதியானது.

<b>சூடு எப்படி உள்ளே ‘பேசுகிறது’?</b>

கருவில் முதலில் உருவாகும் இனப்பெருக்க உறுப்பு, விந்தகமாகவும் மாறலாம், சினைப்பையாகவும் மாறலாம். சூடு கூடும்போது அரோமடேஸ் என்ற நொதியின் வேலை அதிகமாகிறது. இது டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். ஈஸ்ட்ரோஜன் கூடினால் அந்த உறுப்பு சினைப்பை ஆகிவிடும். குளிரில் வேறொரு பாதை திறக்கிறது. மீன் தொட்டிக் கடைகளில் பார்க்கும் சிவப்புக் காது ஆமைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. கேடிஎம்6பி என்ற மரபணு குளிரில் விழித்து, ஆண் தன்மைக்கான இன்னொரு மரபணுவை ‘ஆன்’ செய்கிறது என்று அது காட்டியது. அந்த மரபணுவை அடக்கியபோது, ஆண் பிறக்க வேண்டிய குளிரிலும் கருக்களில் பெரும்பாலானவை பெண் பாதைக்குத் திரும்பிவிட்டன.

<b>நல்லது செய்யப் போய்...</b>

இது ஏதோ ஆய்வகச் சமாசாரம் இல்லை. பங்குனி ஆமையின் நெருங்கிய உறவான கெம்ப் ரிட்லியைக் காப்பாற்ற, 1978 முதல் மெக்சிகோவிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து அமெரிக்காவின் டெக்சாஸில் பெட்டிகளில் வைத்துப் பொரிக்கவிட்டார்கள். குஞ்சுகள் நன்றாகவே வெளிவந்தன. ஆனால், தொடக்க ஆண்டுகளில் ஆண் பக்கமே அதிகம் சாய்ந்துவிட்டது. காரணம், பெட்டிகளின் குளிர்ச்சி. பிறகு வெப்பநிலையைக் கூட்டித்தான் பெண் குஞ்சுகளைப் பெற முடிந்தது.

இப்போது சிக்கல் எதிர்ப்பக்கம். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியின் வெப்பமான வடக்குக் கடற்கரைகளைச் சேர்ந்த பச்சை ஆமைகளை ஆராய்ந்து 2018-ல் வெளியான முடிவு அதிரவைத்தது. வளர்ந்த ஆமைகளில் பெண்கள் சுமார் 87 சதவீதம். இளம் ஆமைகளிலோ 99 சதவீதத்துக்கும் மேல்! ஓர் ஆண் பல பெண்களோடு இணையும் என்பதால் பெண்கள் ஓரளவு கூடுதலாக இருப்பது பிரச்சினையில்லை. ஆனால், 99 என்பது ‘ஓரளவு’ கிடையாது.

<b>சென்னைக்கு வருவோம்</b>

சென்னையில் 1970-களிலேயே இரவு நேர ஆமை நடை தொடங்கிவிட்டது. 1988-லிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறது. வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்துகிறது. நாய்கள் தோண்டிவிடும், தெருவிளக்கு வெளிச்சம் குஞ்சுகளைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும். அதனால் முட்டைகளை இடம் மாற்றாமல் இருக்க முடியாது. அப்போ, குழியை எங்கே தோண்டுகிறோம், எவ்வளவு ஆழம், மேலே நிழல்வலை உண்டா என்பதெல்லாம் பாலினத்தையும் சேர்த்தே தீர்மானிக்கும்.

முட்டையிடும் மாதமும் முக்கியம். ஜனவரியில் இட்ட முட்டை மார்ச் மாதத்துக்குள் பொரிந்துவிடும். மார்ச்சில் இட்டது ஏப்ரல், மே வெயிலைத் தாங்க வேண்டும். அதாவது, ஆண் குஞ்சுகளுக்கு வாய்ப்பு அதிகமுள்ளது பருவத்தின் தொடக்கத்தில். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். இழுவை வலைகளில் சிக்கி மூச்சுத்திணறியதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. தொடக்கத்திலேயே தாய் ஆமைகள் இறந்தால், குளிர்ந்த மணலுக்குப் போக வேண்டிய முட்டைகளும் போய்விடுகின்றன.

சரி, நிழல்வலை கட்டிவிட்டால் போதுமா? தண்ணீர் தெளிக்கலாமா? இரண்டும் உதவும். மணல் தொடர்ந்து 35 டிகிரியை நெருங்கினால் பாலினம் இருக்கட்டும், கருவே பிழைப்பது கஷ்டம். அதேசமயம், தண்ணீர் அதிகமானால் முட்டைக்குக் காற்று போகாது. நிழலை அளவுக்கு மீறிப் போட்டால் டெக்சாஸ் கதைதான்.

இதில் பெரிய தலைவலி, முடிவைக் கண்ணால் பார்க்க முடியாதது. கடலில் விடும்போது செல்ஃபி எடுத்துக்கொள்கிறோமே, அந்தக் குஞ்சு ஆணா பெண்ணா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. வளர்ந்த பிறகுதான் ஆணுக்கு வால் நீளும். ஆனால், ஒருமுறை கடலுக்குள் போன ஆண், பெண்ணைப் போல முட்டையிடக் கரைக்கு வருவதில்லை. கரையில் நாம் எண்ணுவது தாய் ஆமைகளையும் கூடுகளையும் மட்டுமே. ஆண்கள் குறைந்தாலும் பல ஆண்டுகளுக்கு அந்த எண்ணிக்கை நன்றாகவே தெரியும். கருவே உருவாகாத முட்டைகள் குழிகளில் கூடத் தொடங்கும்போதுதான் கரையில் இருப்பவர்களுக்குச் சந்தேகமே வரும்.